பெரிய எழுத்து யாருக்கு?

போன செமஸ்டரில் எங்களுக்கு வந்த அசைன்மென்ட் இது: ஒரு கிராஃபிக் டிசைனர் எழுத்துகளை மட்டும் வைத்துச் செய்த படைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காமல், நமக்கு என்ன படுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் இசை நிகழ்ச்சிப் போஸ்டர்கள் பக்கம் போய்விட்டார்கள். நான் பவுலா ஷெர் வரைந்த வரைபடங்களை எடுத்தேன். எழுதிக் கொடுத்தது ஆங்கிலத்தில். அதில் அடங்காமல் போனவற்றையும், அதற்காக வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பவுலா ஷெர் 1948இல் வாஷிங்டனில் பிறந்தவர். எழுபதுகளில் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸுக்கு இசைத்தட்டு உறைகள் செய்தார், 1991இலிருந்து பென்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்தின் பங்குதாரர். நியூயார்க் பப்ளிக் தியேட்டருக்கு 1994இல் தொடங்கி அவர் செய்த வேலை, அதாவது சுவரை அடைத்துக்கொண்டு கத்துகிற தடித்த எழுத்துகள், அதைப் பார்த்து ஒருமுறையாவது காப்பியடிக்காத டிசைன் மாணவர் இருந்தால் ஆச்சரியம்தான். கல்லூரியில் படித்தபோது எழுத்துகளை ஒழுங்காக அடுக்கி வைப்பது அவருக்கு வரவே இல்லையாம். ஆசிரியர் ஸ்டானிஸ்லாவ் ஸகோர்ஸ்கிதான் எழுத்தாலேயே படம் போடு என்று வழி காட்டியிருக்கிறார்.

வரைபடங்கள் இந்தக் கம்பெனி வேலைகளோடு சேராதவை. தொண்ணூறுகளில் டிசைன் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் போனபோது, கையால் தொட்டுச் செய்ய எதுவுமே இல்லையே என்ற ஏக்கத்தில் அவர் பெரிய கேன்வாஸில் தூரிகை பிடித்து எழுத ஆரம்பித்தார். உலகம், கண்டங்கள், அமெரிக்க மாநிலங்கள், 2004 சுனாமி பற்றிக்கூட ஒன்று. 1998இல் சிட்டி வங்கிக்கான சின்னத்தை முதல் சந்திப்பிலேயே ஒரு காகித நாப்கினில் கிறுக்கி முடித்தவர் இவர்தான். அதே காலத்தில், வாரக் கடைசியில் கனெக்டிகட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் பொடிப் பொடியாக ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அவசரத்துக்குப் பேர்போன ஒருவர் இவ்வளவு நேரத்தை எதில் கொட்டுகிறார் என்று பார்க்கத்தான் நானும் உள்ளே போனேன்.

பார்த்தால், அதில் நிலமே இல்லை. நிறத்துக்கு மேல் எழுத்து, எழுத்துக்கு மேல் கோடு, கோட்டுக்கு மேல் மறுபடி எழுத்து. கடற்கரை எது என்றால், பெயர்கள் எங்கே முடிகின்றனவோ அதுதான் கடற்கரை. நாட்டின் பெயர் பெரிதாக நீண்டு கிடக்கும், அதன் காலிடுக்கில் நகரங்கள், அவற்றுக்கும் நடுவில் இன்னும் சின்னச் சின்னப் பெயர்கள், சந்தை நாளில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி. எல்லாம் கை எழுத்து என்பதால் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்காது. இதில் இருக்கும் தகவலை நம்பாதீர்கள் என்று அவரே சொல்கிறார். பிழை உண்டு, விட்டுப்போனது உண்டு, வேண்டுமென்றே சாய்த்தது உண்டு.

இதைப் பற்றி எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: இது தகவல் வெள்ளம், நாள் முழுக்க டிவியும் இணையமும் நம் மேல் கொட்டுகிற இரைச்சலின் படம். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்த ஒவ்வொரு கட்டுரையிலும் இதே வரி வந்தபோது, வரைபடம் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் எழுதுவது போலப் பட்டது. அவர்களுக்குத்தான் வரைபடத்தில் குழப்பம் ஒரு செய்தி.

நான் வளர்ந்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.) கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ். ஜவுளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயமுத்தூர், மாட்டுக்கும் தேங்காய்க்கும் பொள்ளாச்சி, சர்டிபிகேட்டுக்கு மட்டும் சித்தூர். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்தபோது எங்கள் ஊர் கொச்சி ராஜாவுடையது. பக்கத்திலேயே பொள்ளாச்சிப் பக்கம் மதராஸ் மாகாணம். பாலக்காட்டு டவுனும் மதராஸ்தான், மலபார் ஜில்லா என்ற பெயரில். 1949இல் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ஆனோம், 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் ஆனோம், 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் ஆனோம். அமுச்சி வீடு மாறவே இல்லை. சுவரில் மாட்டுகிற வரைபடத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இதைச் சோகமாகச் சொல்லவில்லை. எல்லைக்கோடு எங்களுக்குத் தினசரியில் பெரிய விஷயமே இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் போன பிறகு, லாரிகள் வரிசையாக நிற்கும் காட்சியும் போய்விட்டது. இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் போர்டைப் பார்க்க வேண்டும். கருப்புப் பலகையில் வெள்ளையாக, மலையாளத்தில் கள்ளு என்று இரண்டே எழுத்து, உருண்டு திரண்டு, பலகையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றால் அது கேரளம். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் அந்தப் பலகை ஒரு அடிகூட அந்தப் பக்கம் போகாது. சித்தூர் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல கள்ளுக் கடைகளுக்குச் சரக்குப் போகிறது என்பதால், எங்கள் பக்கம் அந்தப் பலகைக்குப் பஞ்சமே இல்லை. டைப்போகிராஃபி வகுப்பில் முதல் நாள் நல்ல எழுத்தமைப்புக்கு உதாரணம் கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன், சிரித்தார்கள். தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா, முடிகிறது. வேறெதோடும் குழம்புமா, குழம்பாது. அப்புறம் என்ன?

ஆக, நிலம் எங்கே மாறுகிறது என்பதை எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கிற பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஷெரின் வரைபடம் எனக்குக் குழப்பமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் இது வெறும் உணர்வு, இதை வைத்து ஐந்து பக்கம் எழுத முடியாது. எழுத வழி கொடுத்தவர் மாமா.

மாமா பெயின்டர். வீட்டுக்கு அடிக்கிறவர் இல்லை, எழுத்துக்காரர். கடைப் பலகை, வண்டி நம்பர், கோயில் நோட்டீஸ் போர்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவர். ஃப்ளெக்ஸ் வந்து கடைப் பலகை வேலை முக்கால்வாசி போய்விட்டாலும், கேரளத்தில் சுவரெழுத்து இன்னும் சாகவில்லை, அதில் ஓடுகிறது. தமிழ், மலையாளம் இரண்டும் ஒரே வேகத்தில் எழுதுவார். லேப்டாப்பில் உலக வரைபடத்தைத் திறந்து காட்டினேன்.

"எத்தனை நாள் கூலி கண்ணு இது?"

"கூலிக்கு இல்ல மாமா. அவங்களே எழுதி, கேலரியில வச்சு விக்கறாங்க."

"அப்படிப் போடு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையில் விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். "பெருசெல்லாம் முதல்ல எழுதிப்போட்டாங்க. அப்புறம் சந்துபொந்துல சின்னதைத் திணிச்சிருக்காங்க. பாரு, இந்தப் பேரு வளைஞ்சு போகுது. அங்க எடமில்ல. இந்த ஊர்க்காரன் கடைசியா வந்திருக்கான்."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும். நாங்கள் வகுப்பில் இதற்குப் படிநிலை, காட்சி முக்கியத்துவம் என்று பெரிய பெரிய வார்த்தைகள் வைத்திருக்கிறோம். அவர் அதை வரிசையாகப் பார்க்கிறார்: யார் முதலில் எழுதப்பட்டார்கள், யார் மிச்ச இடத்தில் உட்கார்ந்தார்கள். கையால் எழுதியதில் இந்த வரிசை அழியாது. கம்ப்யூட்டரில் செய்த வரைபடத்தில் எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தது போல இருக்கும், யாரும் யாரையும் தள்ளிக்கொண்டு வந்த மாதிரி தெரியாது. ஷெரின் கேன்வாஸில் தள்ளுமுள்ளு அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் இரைச்சல் என்கிறார்கள். எனக்கு அது இடத்துக்கான சண்டை.

எங்கள் ஊர் இருமொழிப் பலகைகளை இந்தக் கண்ணோடு போய்ப் பார்த்தேன். மாமா எழுதுவதையே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சங்கத்துக்கான பலகை அது. நூலில் சாக்பவுடர் தடவி, இரண்டு முனையையும் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. மேலே மலையாளத்துக்கு இரண்டு கோடு, கீழே தமிழுக்கு இரண்டு கோடு. கோடு போடும்போது இரண்டுக்கும் இடைவெளி ஒன்றுதான், அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஆனால் மேலே முதலில் எழுதுகிறார். மலையாளக் கூட்டெழுத்து சில சமயம் கோட்டுக்குக் கீழே தொங்கும், தொங்கினால் தமிழ் கொஞ்சம் கீழே நகரும். தமிழில் கூட்டெழுத்து இல்லை, ஒவ்வொரு மெய்யையும் புள்ளி வைத்துத் தனித்தனியாகத்தான் நிறுத்த வேண்டும். அதனால் அதே பெயர் தமிழில் நீளமாகிறது. நீளமானால் எழுத்தை ஒடுக்க வேண்டும். கடைசி மூன்றெழுத்து வரும்போது தட்டைப் பிரஷ்ஷை மாற்றி மெல்லிய பிரஷ் எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மேல் வரி நேராக நின்று பேசுகிறது, கீழ் வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆட்சிமொழி மலையாளம், அது மேலேதான் வரும். மிச்சத்தைப் பலகையின் நீளமே முடிவு செய்துவிடுகிறது.

"தமிழை முதல்ல எழுதீட்டு அப்புறம் மேல எழுதினா என்ன மாமா?"

"பெயின்ட் மேல கை படும்."

இதற்கு என்ன தத்துவம் எழுதுவது!

பக்கத்தில் மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில் சுவர் உண்டு. அதில் ஆலை என்பதற்கு யானைத் தும்பிக்கை வைத்த பழைய லை. தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை மாற்றியது. மேல் வரியில் மலையாளமும் பழைய கூட்டெழுத்துதான், கேரள அரசு 1971இல் அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் தோதாகப் பிரித்துப்போட்டதற்கு முந்தைய வடிவம். இரண்டு அரசாணைகளும் அந்தச் சுவருக்கு வந்து சேரவில்லை. எழுதியவர் எந்த ஆண்டு எழுதினாரோ தெரியாது, ஆணை வந்த பிறகும் பழக்கத்தில் எழுதியிருக்கலாம், பெயின்டர்கள் அப்படித்தான். எனக்கு இந்தச் சுவர் மேல் ஒரு தனிப் பிரியம், கட்டுரையில் நியாயப்படுத்த முடியாமல் வெட்டிவிட்டேன்.

சரி, வகுப்பில் வாங்கியதுக்கு வருகிறேன். நான் பேசி முடித்ததும் ஒரு தோழி எழுந்து கேட்டாள்: உன் ஊரை எதற்கு அந்த அம்மா மேல் ஏற்றுகிறாய்? அவர் நியூயார்க்கில் பெயர் வாங்கிய டிசைனர். அவர் செய்யும் பிழை அவர் விரும்பிச் செய்யும் பிழை. உங்கள் ஊர்ப் பலகையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுத்து யாரும் விரும்பியதில்லை. இரண்டும் ஒன்றா?

நல்ல கேள்வி. ஒன்றில்லைதான். ஷெரின் அப்பா மார்வின் ஷெர் அமெரிக்க நில அளவைத் துறையில் பொறியாளர். விமானத்திலிருந்து எடுக்கும் படங்களில் லென்ஸ் செய்யும் கோணலைத் திருத்தி வரைபடம் ஆக்குவதற்கு ஒரு கருவியையே கண்டுபிடித்தவர். எந்த வரைபடமும் முழு உண்மை இல்லை, எல்லாவற்றிலும் கோணல் உண்டு என்பதை அவரிடமிருந்துதான் கற்றதாக மகள் சொல்கிறார். கோணலை நிமிர்த்துவதற்கு ஆயுசைக் கொடுத்த அப்பா, கோணலை விரும்பிப் போடும் மகள் என்று எல்லாரும் ரசித்து எழுதுகிறார்கள். எனக்கு அங்கே தோன்றியது வேறு. வீட்டிலேயே ஒருவர் நிமிர்த்திக் கொடுத்துவிட்டார், நாடும் நிமிர்ந்த வரைபடத்தில் ஓடுகிறது, அதற்குப் பிறகு கோணலாக வரைவது சுகம். அவர் கேன்வாஸில் ஒரு ஆறு இடம் மாறினால் யாருடைய வயலும் காயாது.

எங்கள் பக்கம் காயும். கிழக்குச் சித்தூர் மழை குறைவான பகுதி, கேரளம் என்றதும் ஞாபகம் வரும் பச்சை இங்கே கிடையாது. நம்பியிருப்பது பரம்பிக்குளம்-ஆழியாறு அணைத் திட்டத்தின் தண்ணீர். 1970இல் போட்டு 1958இலிருந்து செல்லும் என்று வைத்த ஒப்பந்தத்தின்படி, தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு அணைக்கட்டில் எங்களுக்குத் தர வேண்டும். பரம்பிக்குளம் அணை கேரளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்வது தமிழ்நாடு. அங்கே குடியிருக்கும் ஆதிவாசிகள் தங்கள் சொந்த மாவட்டத் தலைநகரான பாலக்காட்டுக்கு வர வேண்டுமானால், பஸ்ஸில் வருவதற்கு டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றித்தான் வர வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில்தான் இருக்கும்.

அதனால் தோழி சொன்னதில் பாதியை ஒத்துக்கொண்டேன். மறு பாதியில் இன்னும் நிற்கிறேன். ஷெரின் பிழை விருப்பத்தில் வந்தது என்பதால்தான் அது எனக்கு உபயோகம். இதை நான் வரைந்தேன், என் கை, என் சாய்வு என்று அவர் ஒத்துக்கொள்கிறார். அரசாங்க வரைபடத்தின் சின்ன, சீரான, சலனமில்லாத எழுத்து அப்படி ஒத்துக்கொள்வதில்லை. யாருமே எழுதாதது போல, மலையும் ஆறும் தாமாகவே பெயர் வைத்துக்கொண்டு நிற்பது போலப் பாவனை பண்ணுகிறது. அதிலும் யாரோ ஒருவர் முதலில் எழுதப்பட்டு யாரோ ஒருவர் சந்தில் திணிக்கப்பட்டிருக்கிறார், நமக்கு அது தெரியாதபடி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை என்று ஒரு சின்ன ஊர், எங்கள் தாலுகாதான். 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்து, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002இல் போராட்டம் தொடங்கி, அந்த ஊர் ஆதிவாசிப் பெண் மயிலம்மா முன்னால் நின்று, 2004இல் ஆலை நின்றது. அதற்கு முன்னால் அந்தப் பெயர் எந்த வரைபடத்தில் என்ன சைஸில் இருந்திருக்கும்? இப்போது என்ன சைஸில் எழுத வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிற ஒரு டிசைன் வேலையை வெறும் தகவல் வெள்ளம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். ஷெரின் படங்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற கேன்வாஸை லேப்டாப்பில் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு பேச்சும். இந்தியாவின் தென்கோடியைப் பெரிதாக்கிப் பாலக்காட்டைத் தேடினேன், குறிப்பிட்ட இடத்துக்கு மேல் படம் கலங்கி எழுத்து புள்ளிகளாகிவிட்டது. நேரில் பார்த்தவர்கள் என் வாசிப்பைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

அசைன்மென்ட்டோடு ஒரு செய்முறையும் கேட்டிருந்தார்கள். கிழக்குச் சித்தூரை நானே எழுதுவது என்று முடிவு செய்து, மாமாவிடம் ஒரு தகரப் பலகையும் எனாமலும் வாங்கிக்கொண்டேன். விதி ஒன்றுதான்: அடிக்கடி போகும் இடம் பெரிதாக, போகாத இடம் சின்னதாக. எழுத ஆரம்பித்ததுமே சிக்கல். பொள்ளாச்சியும் கோயமுத்தூரும் பலகையின் வலப்பக்கம் பாதியைத் தின்றுவிட்டன. திருவனந்தபுரத்துக்கு நான் ஒரு வேலையாகவும் போனதில்லை, அதனால் தலைநகரம் இடது மூலையில் அரிசி அளவில். நாட்டுக்கல், ஒழலப்பதி, வண்ணாமடை, எருத்தேன்பதி, கோபாலபுரம் எல்லாம் தாராளமாக. மாம்பழ சீசனில் மட்டும் போகும் முதலமடைக்கு எந்த சைஸ் என்று அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் மஞ்சள் பெயின்டில் எழுதிவிட்டேன். பிளாச்சிமடைக்கு நான் அடிக்கடி போனதில்லை, விதிப்படி சின்னதாகத்தான் வர வேண்டும், பெரிதாக எழுதினேன். பரம்பிக்குளத்தை இடம் விட்டு வைத்திருந்து, கடைசியில் சேத்துமடையிலிருந்து தொடங்கி வளைத்துக்கொண்டு வந்து எழுதினேன், பஸ் போகிற வழியிலேயே. இரண்டு லிபியிலும் எழுதினேன், எந்த ஊரில் எது மேலே என்பதை அந்தந்த ஊரில் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்பதை வைத்து. மாநில எல்லைக்கோட்டைப் போடவில்லை. போட மறந்தேனா, மறுத்தேனா என்று ஆசிரியர் கேட்டார், மறுத்தேன் என்றேன். மார்க் சுமார்தான். என் வாசிப்பு படைப்பைவிட்டு விலகிப் போகிறது என்று குறிப்பு எழுதியிருந்தார்.

லீவில் பலகையை ஊருக்குக் கொண்டுவந்து மாமா வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் எழுத்துக்குக் கை நடுங்குகிறது என்றார், இரண்டு ஊர் இடம் மாறியிருக்கிறது என்றார், தன் கடை எங்கே என்றும் கேட்டார். எழுதவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் வலது கீழ் மூலையில், பலகை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கையெழுத்துப் போடும் இடத்தில், அவர் பெயர், கடைப் பெயர், செல் நம்பர், சிவப்பு எனாமலில், நிழல் வைத்து. சித்தூரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கிறது, தமிழ் மேலே, மலையாளம் கீழே.